நோராக்காவும் தெருமுனையில் நின்றவரும்

பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் லைன் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் பேய் வரும். சர்ச்சுக்குப் போய்வந்து, பிரியாணி ஆக்கி இறக்கி, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிவிட்டு நோராக்கா டிவியைப் போடுவாள். அவள் புருஷன் கிறிஸ்டோபர் நைட் டியூட்டி செக்யூரிட்டி. படம் ஓடும்போது மூலையில் படுத்துக் குறட்டை விடுவார். பல படங்களின் பின்னணி இசையைவிட அந்தக் குறட்டை தேவலை. நோராக்கா வயதில் என்னைவிடச் சின்னவள்தான். லைனில் எல்லோருக்கும் அவள் அக்கா என்றான பிறகு எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோய், அலுத்து, இங்கேயே குடிவந்துவிட்டாள். ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்து, பிசகு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வாரம் முழுக்கக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு ஞாயிறன்று மட்டும் கண் சும்மா இருக்குமா?

பெரிய ஹீரோ நடித்த பேய்ப் படம் அவளுக்கு ஆகாது. தியேட்டருக்கு வந்ததே தெரியாமல் போன படங்கள், ஒரே வீட்டுக்குள் எடுத்து முடித்தவை, டைட்டிலில் டைரக்டர் பெயரே எட்டு இடத்தில் வருபவை, இவைதான் வேண்டும். தமிழோ கன்னடமோ மலையாளமோ, பேய்க்கு என்ன பாஷை என்பாள்.

“காசு இருக்கிறவன் பேயைப் பறக்க வுடுவான். காசு இல்லாதவன் வாசப்படியில நிக்க வெப்பான். பறக்கிறதப் பாத்தா சிரிப்புதான் வருது. நிக்குது பாரு, அதுக்குத்தான் பயம்” என்பது அவள் கட்சி.

குறைகளும் சொல்வாள். ஒரு படத்தில் கிணற்றில் விழுந்து செத்து இருபது வருஷமான பெண் வெள்ளைப் புடவையில் நடந்து வருகிறாள். நாங்களெல்லாம் ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். நோராக்கா மட்டும், “மடிப்புகூட கலையல பாருங்க. இன்னிக்குக் காத்தாலதான் கடையில எடுத்துகினு வந்திருக்கான்” என்றாள். பயம் போயே போய்விட்டது. பாதிரியார் வந்து சிலுவையைக் காட்டிப் பேயை விரட்டினால் அவளுக்குக் கோபமே வரும். “எங்க ஃபாதர் கரப்பான்பூச்சிக்கே கட்டில் மேல ஏறி நிப்பாரு. இவன் எங்கேயிருந்து புடிச்சான் இந்த ஃபாதரை?” என்பாள். எல்லாப் படத்திலும் ஊளையிடுவது ஒரே நாய்தான் என்றும், அந்த நாய்க்கு ஒரு விருது தர வேண்டும் என்றும் ஒருநாள் சொன்னாள். கேட்டுப் பார்த்தேன், அதே நாய்தான்.

துப்பறியும் படம் என்றால் அவள் வைத்ததே சட்டம். பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பாள். யார் கொலைகாரன்? ஆளுக்கொரு பெயர் சொல்வோம். எல்லாம் தப்பாகத்தான் இருக்கும்.

“சின்னப் படத்துல ஒரு ஆளுக்குச் சோறு போட்டு, கூலி குடுத்து நிக்க வெக்கிறான்னா சும்மா நிக்க வெப்பானா? வேலையில்லாம ரெண்டு தடவை எவன் வந்து நிக்கிறானோ, அவன்தான்.”

அவனாகத்தான் இருப்பான். பால்காரன், வாட்ச்மேன், சாவுக்கு வந்து ஓரமாய் நின்ற மாமா, எவனும் அவளிடம் தப்பியதில்லை. எனக்கு இந்த மாதிரிப் படங்களே பிடிக்காது. மனுஷன் என்றால் கொன்றவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செத்தவனாக இருக்க வேண்டும் என்பது என்ன உலகம்? ஒருதரம் வாய்விட்டே கேட்டேன்.

“ஏன் நோராக்கா, ஒருத்தன் பஸ்ஸுக்குக்கூட நிக்கக் கூடாதா?”

“தாராளமா நிக்கலாம்ண்ணா. பஸ்ஸைக் காட்டணும்” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் சிரித்தேன்.

அவளுக்குப் பக்கத்து வீடு சிந்து. ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங்கில் இருக்கிறாள். புருஷன் சுனில் கம்பெனி கேப் ஓட்டுகிறான். அவனுடையது கன்டோன்மென்ட் பக்கத்துப் பௌத்தக் குடும்பம். மகளுக்கு சங்கமித்ரா என்று பெயர் வைத்திருந்தார்கள், எங்களுக்கு மித்ரா. இந்தக் கல்யாணத்தில் சிந்துவின் அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஜாதிதான், வேறென்ன. பெண் வீட்டைவிட்டு வந்த அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பெயர் வெங்கடசாமி, அடுகோடியில் லேடீஸ் டெய்லர். பெண்டாட்டி இல்லாமல் தனி ஆளாக மகளை வளர்த்தவர். அடுகோடி என்ன சீமையிலா இருக்கிறது? ஆட்டோவில் ஏறிச் சாய்ந்து உட்காருவதற்குள் வந்துவிடும். ஆனாலும் பேத்தி பிறந்தபோதும் அவர் வரவில்லை.

சிந்து தன் ஜாக்கெட் ஒன்றைக் கொடியில் காயப்போட்டிருந்தபோது நோராக்கா அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறாள். தொழில் புத்தி போகுமா? ஓரத் தையல் முடியும் இடத்தில், பிரிந்துவிடாமல் இருக்க, கையால் குறுக்கே இரண்டு சின்னத் தையல். மிஷின் வேலை பார்க்கும் எந்தக் கையும் அதற்கு மெனக்கெடாது.

“யாரு சிந்து தெச்சது? எங்க ஃபேக்டரியில இப்படி ஒரு பீஸ் வந்தா நான் கும்புட்டு அனுப்புவேன்.”

“அப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு சிந்து ஜாக்கெட்டை உருவிக்கொண்டு போனாளாம்.

மித்ரா தெருக்கோடியில் இருக்கும் அங்கன்வாடிக்குப் போனாள். மற்ற நாட்களில் சுனில் போய்க் கூட்டிவருவான். சனிக்கிழமை அவனுக்குத் தோதுப்படாது. அன்றைக்கு நோராக்காவுக்கு அரை நாள் வேலை என்பதால் அவள் கூட்டிவருவாள். அப்படி ஒரு சனிக்கிழமை, பால் பூத் ஓரமாக ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தாள். அறுபது வயதிருக்கும். தலையில் மங்கி கேப், கையில் துணிப்பை. பால் வாங்கவில்லை, யாரோடும் பேசவில்லை. குழந்தைகள் வெளியே வரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த சனிக்கிழமையும் அதே இடம், அதே பை. இந்தத் தடவை அந்த ஆள் பார்த்தது தன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த மித்ராவை என்று நோராக்காவுக்குப் பட்டது.

அந்தச் சமயம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எல்லோர் போனிலும் வீடியோ வந்துகொண்டிருந்தது. எந்த ஊர், எந்த வருஷம் என்று எவனும் கேட்பதில்லை. தண்ணீர்க் குழாயடியில் நோராக்கா சொன்னாள்:

“சும்மா நிக்கிறான். ரெண்டு தடவை பாத்துட்டேன். சும்மா எவன் நிப்பான்?”

வேறு யாராவது சொல்லியிருந்தால், போம்மா உனக்கு வேறு வேலை இல்லை என்றிருப்பார்கள். சொன்னவள் நோராக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறையும் தோற்காதவள். கொலைகாரனைக் கண்டுபிடித்துக் கொடுத்த வாய் சொன்னால் அப்பீல் உண்டா? நாலாவது வீட்டு ஆட்டோ டிரைவர் ஹரிஷ், “மறுபடி வந்தா ஒரு குரல் குடுக்கா, நான் நோடிக்கிறேன்” என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்பதை அவன் அப்படித்தான் பாதிக் கன்னடத்தில் சொல்வான்.

மூன்றாம் சனிக்கிழமை அந்த ஆள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தெருவைத் தாண்டி எதிரே வந்தார். பையை நீட்டி, “பாப்பா, இந்தா” என்றார். நோராக்கா பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு, விரலை நீட்டி, “ஹரிஷு! இவன்தான்! புடிங்க!” என்று கத்தினாள்.

ஹரிஷ் நல்லவன். பிரசவத்துக்குப் போகும் வண்டிக்கு மீட்டர் போடாதவன். அன்றைக்கு முதல் அடி அவனுடையதுதான். பால் பூத்தில் இருந்தவர்கள், பைக்கை நிறுத்தியவர்கள், விஷயம் என்னவென்றே தெரியாதவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். தொப்பி போனது, சட்டை தோளோடு கிழிந்தது, காதோரம் ரத்தம். “யாரு நீ? ஏன் நின்னே?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: “சும்மாதாம்பா. சும்மாதான் நின்னேன்.” அந்த வார்த்தையைக் கேட்டதும் இன்னும் இரண்டு விழுந்தது. பையைக் கொட்டினார்கள். பால்கோவாப் பொட்டலம் ஒன்று, சிறு பிள்ளை ஃப்ராக் ஒன்று. பிள்ளைக்கு ஆசை காட்டத்தான் என்று யாரோ சொன்னார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்து, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். போலீசுக்குச் சொல்லலாம் என்றேன். விட்டுத் தள்ளுங்க, இனிமே இந்தப் பக்கம் வர மாட்டான் என்றார்கள்.

பையை நோராக்கா வீட்டுக்கு எடுத்துப் போனாள். மித்ராவுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்த பிறகு அந்த ஃப்ராக்கைக் கையில் எடுத்தாள். மஞ்சள் பூப் போட்ட பாப்ளின். பிள்ளையின் அளவுக்குப் பார்வையாலேயே அளந்து தைத்தது. பழக்க தோஷத்தில் உள்பக்கம் திருப்பினாள். இடுப்பிலும் ஓரத்திலும் தாராளமாகத் துணி விட்டிருந்தது. பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடலாம். பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் பிள்ளை வளரும் என்று யோசித்துத் தைப்பானா? பிறகு தையல் முடியும் இடங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கையால் குறுக்கே இரண்டு சின்னத் தையல்.

 ஃப்ராக்கைப் பைக்குள் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாளாம்.

சாயங்காலம் சிந்து வேலையிலிருந்து வரும்போதே தெருவில் செய்தி சொல்லிவிட்டார்கள். ஓடிவந்தாள். தூங்கும் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நோராக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

“நீங்க மட்டும் இல்லன்னா என் புள்ள என்னக்கா ஆயிருக்கும்? சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. நோராக்கா வாயைத் திறந்தாள். “சரி, அழாத. போய்ச் சாப்புடு” என்றுதான் வந்தது. என்னிடம் இதைச் சொல்லும்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். நான் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிறு எங்களுக்குப் படம் இல்லை. தலைவலி என்றாள். அடுத்த வாரம் டிவி ரிப்பேர் என்றாள். கிறிஸ்டோபர் அதே டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவள் அடுகோடிக்குப் போனாள். கேட்டுக் கேட்டுக் கடையைக் கண்டுபிடித்தாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வெங்கடசாமி காதில் பஞ்சோடு மிஷினில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. காலில் விழப் போனாள். அவர் பதறி நகர்ந்துவிட்டார்.

“விடும்மா. நீ புள்ளைய இறுக்கிப் புடிச்சிகினு கத்துன பாரு, அதைப் பாத்தப்போ மனசுக்கு நிம்மதியாதான் இருந்துது. யாரோ ஒருத்தங்க கண்ணுல வெச்சிப் பாத்துக்கறாங்க.”

“நான் சிந்துவோட அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒருத்தனும் கை வெச்சிருக்க மாட்டானே, ஐயா. ஏன் சொல்லல?”

“எந்த வாயால சொல்றது? அவன் வீட்டுப் பிள்ளையைத் தொட மாட்டேன்னு இதே கடையில நின்னு சொன்னவன் நான். மருமகன் வராத கிழமையாப் பாத்துத் திருடன் மாதிரி வந்து நின்னேன். திருடனுக்கு விழுற அடி விழுந்துது.” மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். “சிந்துகிட்ட சொல்லிடாத தாயே. அவ குடியிருக்கிற தெருவுல அவ அப்பனைப் போட்டு அடிச்சாங்கன்னா, அந்தத் தெருவுல அவ எப்படிக் குடியிருப்பா? எனக்கு சத்தியம் பண்ணிட்டுப் போ.”

நோராக்கா சத்தியம் செய்தாள். ஃப்ராக்கை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “நீ வாங்குனதாக் குடுத்தாலும் அவ திருப்பிப் பாத்தா என் கைன்னு கண்டுபுடிச்சிடுவா. யாராவது ஏழைப் புள்ளைக்குக் குடுத்துடு” என்றார். வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டு, “புள்ள நல்லாப் பேசுதாம்மா?” என்று கேட்டார். பாட்டுகூடப் பாடுது என்றாள். தலையை ஆட்டிக்கொண்டார்.

சத்தியம் செய்துவிட்டு வந்தவளின் நிலைமையை என்ன சொல்ல? தினம் காலையில் மித்ரா, “நோராம்மா” என்று கதவைத் தட்டும். ஆஸ்பத்திரிக் கேண்டீனில் நல்ல வடை போட்டால் சிந்து அவளுக்கு ஒன்று கட்டிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு வடையையும் கிறிஸ்டோபருக்கே கொடுத்துவிடுவாளாம். ஹரிஷ் அவளை ‘நம்ம இன்ஸ்பெக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். ஃப்ராக் பீரோவுக்குள் இருந்தது. பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்தது. விட்ட துணியைப் பிரித்தாலும் எவ்வளவு நாளைக்குக் காணும்?

யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாமல் என்னிடம் வந்து சொன்னாள். இது உன்மேல் மட்டும் வந்த பாவமில்லை, அடித்தவன் எல்லோருக்கும் பங்கு உண்டு என்றேன். “கை வெச்சது அவங்கண்ணா. விரலை நீட்டுனது நான். நீட்டாம இருந்திருந்தா அவரு பையைக் குடுத்திருப்பாரு. புள்ள வாங்கியிருக்கும். சாயங்காலமே சிந்து அதைத் திருப்பிப் பாத்திருப்பா” என்றாள். 

மித்ராவின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் சிந்து ஒரு பையோடு நோராக்கா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பையில் பழைய ஜாக்கெட்டுகள்.

“ஃபேக்டரியில யாருக்காவது குடுத்துடுங்கக்கா. எல்லாம் அவர் தெச்சது. இன்னும் எதுக்கு வெச்சிக்கணும்? நாலு வருஷமா இந்தப் பிறந்தநாளுக்கு வருவாரு, அந்தப் பிறந்தநாளுக்கு வருவாருன்னு வாசலைப் பாத்தேன். ஊருக்கெல்லாம் தெச்சிக் குடுக்குற மனுஷன். தம் பேத்திக்கு ஒரு துண்டுத் துணி தெக்கல. கல்லு மனசுக்கா. உங்களுக்கு இருக்குற பாசம்கூட அவருக்கு இல்ல.”

நோராக்கா பையை வாங்கவில்லை. எழுந்து பீரோவைத் திறந்தாள். மஞ்சள் ஃப்ராக்கை எடுத்து சிந்துவின் கையில் வைத்தாள். 

சிந்து சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். அழகா இருக்கே என்று சொல்லப் போனாள். விரல் ஓரத் தையலில் பட்டதும் உள்பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எப்பக்கா வந்தாரு?”

நோராக்கா சொன்னாள். சத்தியத்தையும் சேர்த்தே சொன்னாள். பால் பூத், மங்கி கேப், பை, தான் நீட்டிய விரல், எதையும் விடவில்லை.  முடிவில் சிந்து ஒன்று கேட்டாள்.

“அடிக்கும்போது என் பேரைச் சொன்னாரா?”

“இல்ல சிந்து. சும்மாதான் நின்னேன்னு சொன்னாரு.”

சிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே அடுகோடிக்குப் போய்விட்டாள். ஜாக்கெட் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் தெருவில் குடியிருக்க மாட்டாள் என்று அப்பன் கணித்தது சரிதான். மாதம் முடிவதற்குள் சுனில் வேறு வீடு பார்த்துவிட்டான். டெம்போவில் சாமான் ஏற்றிய அன்று ஹரிஷ் முகத்தைக் காட்டாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மித்ரா அந்த மஞ்சள் ஃப்ராக்கில் எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. நோராக்கா தன் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கடைசிப் பாத்திரத்தை ஏற்றிவிட்டு சிந்து அவளிடம் வந்தாள்.

“அப்பா உங்க மேல கோவப்படக் கூடாதுன்னு சொல்லிட்டாருக்கா. நீங்க கை காட்டுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எம் புள்ளைக்காகத்தானே காட்டுனீங்க. ஆனா அன்னிக்கு சாயங்காலமே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிகினு, என் கையால உங்க கையைப் புடிச்சி, அழுது, தேங்க்ஸ் சொல்ல வுட்டீங்களே. அதைத்தான்க்கா என்னால மறக்க முடியல.”

நோராக்கா தன் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.